வாயாடி பிளாக்காடரா, வாய் திறக்காத பீனா?

1989 நவம்பர் 2ஆம் தேதி இரவு, பிபிசியின் ‘பிளாக்காடர்’ நகைச்சுவைத் தொடரில், முதல் உலகப் போரின் பதுங்குகுழி ஒன்றிலிருந்து மேலே ஏறி ஜெர்மன் துப்பாக்கிகளை நோக்கி ஓடினான் கேப்டன் பிளாக்காடர். சரியாக 60 நாள் கழித்து, 1990 புத்தாண்டு அன்று ஐடிவி சேனலில், அதே முகம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடிக்கத் தவித்தது. முன்னவன் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் மானம் கப்பலேறும். பின்னவன் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தாலும் தொண்டைக்குள் ஏதோ உருளுகிற சத்தம்தான் வரும். இரண்டு பேருமே ரோவன் அட்கின்சன்.

நம் பக்கத்தில் அவருடைய சொந்தப் பெயர்கூடப் பலருக்கு நினைவிருக்காது. ‘மிஸ்டர் பீன்’ என்றால்தான் தெரியும். பச்சை மினி கார், பழுப்பு கோட், டெடி பொம்மை. பிளாக்காடரைப் பற்றிச் சொன்னால் “அது என்ன பாம்பா?” என்று கேட்பார்கள். (கேள்வி தப்பில்லை. ஆடர் என்பது விரியன் வகைப் பாம்புதான்.) ஆனால் பிரிட்டனில் கதை வேறு. 2004இல் பிபிசி நடத்திய சிறந்த சிட்காம் (சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்) வாக்கெடுப்பில் பிளாக்காடருக்கு இரண்டாம் இடம். ஒரே மனிதரின் வாழ்க்கையில் இப்படி இரண்டு உச்சங்கள் இருக்கும்போது எது பெரியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எழுத்திலிருந்து தொடங்கலாம். அட்கின்சன் நடிகர் மட்டும் இல்லை, எழுத்தாளரும்கூட. நியூகாசிலில் மின்பொறியியல் படித்துவிட்டு மேற்படிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டு போன இடத்தில் ரிச்சர்ட் கர்ட்டிஸைச் சந்தித்தார். 1983இல் இருவரும் சேர்ந்து எழுதியதுதான் பிளாக்காடரின் முதல் சீசன். (சீசனுக்கு ஒரு வரலாற்றுக் காலம், அந்தந்தக் காலத்துக்கு ஒரு எட்மண்ட் பிளாக்காடர், கூடவே ஒரு பால்ட்ரிக்.) நார்தம்பர்லாந்தின் ஆல்னிக் கோட்டை, குதிரைகள், வெளிப்புறப் படப்பிடிப்பு என்று பணம் தண்ணீராய் ஓடியது. அதில் வரும் எட்மண்ட் ஒரு கோழை, அசடு, கிண்ணம் கவிழ்த்தமாதிரி முடிவெட்டு. அவனுடைய வேலைக்காரன் பால்ட்ரிக்தான் கொஞ்சம் மூளை உள்ளவன். இன்று பார்த்தால் அங்கங்கே சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

பிபிசி 1இன் தலைமைக்கு வந்த மைக்கேல் கிரேடு இரண்டாவது சீசனுக்குத் தயங்கினார். செலவைக் குறைத்தால்தான் உண்டு என்ற நிலை. அப்போது அட்கின்சன் எடுத்த முடிவை அவருடைய வாழ்க்கையிலேயே புத்திசாலித்தனமானது என்பேன்: எழுதுவதை விட்டார். கர்ட்டிஸோடு சேர்ந்து எழுதும் பேனா, பென் எல்டன் என்ற எழுத்தாளர் கைக்குப் போனது. கோட்டையும் குதிரையும் போய், கிட்டத்தட்ட எல்லாம் ஸ்டுடியோவுக்குள், பார்வையாளர்கள் முன்னால். கூடவே எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் மூளை இடம் மாறியது. 1986இல் திரும்பி வந்த பிளாக்காடர் தாடி வைத்த அழகன், அரண்மனையிலேயே அறிவாளி, முட்டாள்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நாக்கை மட்டும் நம்பிப் பிழைப்பவன். வெளியே போக வழியில்லாததால் வசனத்தைத் தவிர வேறு கதியில்லை. அந்த நெருக்கடியில்தான் தொடர் தேறியது.

பீன் விஷயத்தில் பேனா மறுபடி அவர் கைக்கு வருகிறது. முதல் எபிசோடை அட்கின்சன், கர்ட்டிஸ், எல்டன் மூவரும் எழுதினார்கள். அப்புறம் ராபின் டிரிஸ்கால் சேர்ந்தார். வசனமே இல்லாத தொடரில் என்ன எழுதுவது? செய்முறையைத்தான். கடற்கரைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், பேண்டைக் கழற்றாமலேயே நீச்சல் உடைக்கு மாற வேண்டும். படிப்படியாக ஒரு தீர்வு, அந்தத் தீர்வால் ஒரு புதுச் சிக்கல், அதற்கு இன்னொரு தீர்வு. எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிகிறது, அந்த ஆளுக்குக் கண் தெரியாது. பரீட்சைக் காட்சியும் அதே கணக்கு. படித்து வந்ததோ திரிகோணமிதி, கையில் இருக்கும் வினாத்தாளோ நுண்கணிதம். முழு நேரமும் அழுது புரண்டு முடித்த பிறகு, திரிகோணமிதித் தாளும் உறைக்குள்ளேயே இருந்தது தெரிகிறது. மின்பொறியியல் படித்தவர் வரைந்த சர்க்யூட் போல இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஒரு கம்பியைக்கூட எடுக்க முடியாது.

ஆக, எழுத்தாளர் அட்கின்சனைப் பார்க்க வேண்டுமானால் பீனைத்தான் பார்க்க வேண்டும். பிளாக்காடரில் தெரிபவர் நடிகர் அட்கின்சன்.

மொழியைத் தாண்டுவது என்று வந்தால் பீனுக்குப் போட்டியே இல்லை. 1987இல் மாண்ட்ரியல் நகைச்சுவை விழாவில் பிரெஞ்சு மொழி நிகழ்ச்சிப் பிரிவில்தான் மேடையேறுவேன் என்று அவர் அடம்பிடித்த கதை பிரபலம். பிரெஞ்சு பேசாத நடிகருக்கு அங்கே என்ன வேலை என்று ஏற்பாட்டாளர்கள் குழம்பினார்கள். மொழி இல்லாமல் பீன் என்கிற இந்த ஆள் சிரிக்க வைப்பானா என்று அட்கின்சன் சோதித்துப் பார்த்திருக்கிறார். சிரிக்க வைத்தான். வான்கோழியின் வயிற்றுக்குள் தலை மாட்டிக்கொண்டால் அதற்கு மதுரையிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

பிளாக்காடரை அப்படித் தூக்கிக்கொண்டு வர முடியாது. மூன்றாவது சீசனில் அகராதி தொகுத்த டாக்டர் ஜான்சன் வருகிறார். ஆங்கிலத்தின் எல்லாச் சொற்களும் இதில் இருக்கின்றன என்று அவர் பெருமைப்பட, பிளாக்காடர் இல்லாத சொல் ஒன்றை அந்த நொடியிலேயே உருவாக்கி, வாழ்த்துச் சொல்வதுபோல் அதை வீசுகிறான். மனிதர் பதறிப்போய்ப் பென்சிலை எடுக்கிறார். பிறகு பால்ட்ரிக் அந்தக் கையெழுத்துப் பிரதியை எடுத்து அடுப்பு மூட்டிவிட்டான் என்று தெரிய வரும்போது கதை இன்னொரு உயரத்துக்குப் போகிறது. இதைத் தமிழில் சப்டைட்டில் போட்டால் கதை புரியும், நக்கல் புரியாது. அட்கின்சன் ஒவ்வொரு மெய்யெழுத்தையும் கடித்துத் துப்புகிற விதம் அதில் பாதி. நிஜ வாழ்க்கையில் அவருக்குத் திக்குவாய் உண்டு, வேறொருவராக நடிக்கும்போது பெரும்பாலும் விலகிவிடுகிறது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், அந்த உச்சரிப்பின் மேல் இன்னும் மரியாதை வருகிறது.

இன்னொரு வித்தியாசம், சுமை. பிளாக்காடரைச் சுற்றி ஒரு பட்டாளமே இருக்கிறது. குழந்தைத்தனமும் கொலைவெறியும் கலந்த ராணியாக மிராண்டா ரிச்சர்ட்சன், மண்டை காலியான இளவரசராக ஹியூ லாரி, கர்ஜிக்கும் ஜெனரலாக ஸ்டீபன் ஃப்ரை, நான்கு காலத்திலும் கூடவே வரும் பால்ட்ரிக்காக டோனி ராபின்சன். பீன் தனியாள். சிரிப்பு வரவில்லையென்றால் பழியைப் போட அடுத்தவர் இல்லை. அட்கின்சனே ஒரு பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார்: பீனாக நடிப்பது அவருக்குச் சோர்வும் மன அழுத்தமும் தருகிறதாம், பிளாக்காடர்தான் சுமை குறைவு, ஏனென்றால் பொறுப்பைப் பல தோள்கள் பகிர்ந்துகொண்டன.

இரண்டுக்கும் இசை ஒரே ஆள், ஹோவர்ட் குடால். பீனின் ஆரம்பத்தில் தேவாலயப் பாடகர்கள் உருகி உருகிப் பாடுவது என்னவோ வேத வாக்கியம் என்று நினைத்திருந்தேன். ‘பீன்ஸாகிய இந்த மனிதனைப் பாருங்கள்’ என்பதைத்தான் லத்தீனில் பாடுகிறார்களாம்.

பிளாக்காடர் சீசனுக்கு 6 வீதம் 24 எபிசோடு, சில சிறப்பு நிகழ்ச்சிகள், அதோடு சரி. பீன் தொடரில் 15தான், ஆனால் ஆள் ஓய்வு பெறவே இல்லை. 1997இல் ஒரு படம், உலகம் முழுக்க 25 கோடி டாலர் அளவில் வசூல். 2002 முதல் கார்ட்டூன். 2007இல் இன்னொரு படம். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில், பெரிய இசைக்குழுவின் நடுவே ஒரே ஒரு சுரத்தைத் தட்டிக்கொண்டு சலித்துப்போய் உட்கார்ந்திருந்தாரே, அதிலும் பீனின் சாயல்தான். அதை ரசித்தேன். படங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. தொடரில் வரும் பீன் நல்லவனே இல்லை. சுயநலமான, பொறாமை பிடித்த, ஒன்பது வயதுப் பையனின் மனசு. வழியில் வரும் அந்த நீல மூன்று சக்கர வண்டியைக் காரணமே இல்லாமல் கவிழ்த்துவிட்டுப் போவான். படத்தில் அவனைக் கொஞ்ச வைக்கிறார்கள், அழ வைக்கிறார்கள். பல்லைப் பிடுங்கிய பாம்பு.

அட்கின்சனின் உளவாளி நகைச்சுவைப் படமான ஜானி இங்கிலீஷை நடுவில் நுழைப்பவர்கள் உண்டு. கடன் அட்டை விளம்பரத்துக்காக அவர் போட்ட உளவாளி வேடத்திலிருந்து பிறந்தது அது. பிளாக்காடரின் தலைக்கனத்தைப் பீனின் உடம்பில் வைத்தால் என்ன ஆகும் என்ற முயற்சியாகவே அதைப் பார்க்கிறேன். மூன்று படம் வந்தும் இரண்டின் சுவையும் சேரவில்லை.

என் ஓட்டு பிளாக்காடருக்கு. வீட்டில் குழந்தைகளும் பாட்டியும் கூட உட்காரும் இரவென்றால் பீன், அதிலும் முதல் எபிசோடு. தனியாகப் பார்ப்பதென்றால் பிளாக்காடரை இரண்டாவது சீசனிலிருந்து தொடங்குங்கள். முதல் சீசனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான்காவது சீசனின் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் அவசரப்பட்டுத் தனியாகத் தேடிப் பார்க்காதீர்கள். முந்தைய ஐந்தையும் பார்த்துவிட்டு அங்கே வர வேண்டும். அந்தத் தாக்குதல் காட்சி எடுத்தவர்களுக்கே திருப்தி தரவில்லை. செட் அட்டைபோல் தெரிந்தது. படத்தொகுப்பில் ஓட்டத்தை மெதுவாக்கி, சத்தத்தை அடக்கி, தொடரின் முகப்பு இசையைப் பியானோவில் தயங்கித் தயங்கி வாசித்து, புகைக்குள் மறையும் ஆட்களின் மேல், அந்தப் போரில் மாண்டவர்களின் நினைவுச் சின்னமான பாப்பி மலர் வயல் ஒன்றைக் கரைத்துவிட்டார்கள். 24 எபிசோடாக ஓயாமல் பேசியவன் அந்தக் கடைசிச் சில நொடிகளில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.