லாக் போட்ட வெளிநாட்டு போன்: முறைப்படி திறப்பதா, சிப் ஒட்டுவதா?

ஒரு நாட்டில் தவணைக்கு வாங்கிய போனில் வேறு நாட்டு சிம்மைப் போட்டால், பெரும்பாலும் நெட்வொர்க் லாக் (விற்ற நெட்வொர்க்கின் சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டு) குறுக்கே நிற்கும். போனை விற்ற நெட்வொர்க்கிடமே திறந்து தரக் கேட்கலாம், அன்லாக் கோடு (பூட்டைத் திறக்கும் எண்) வாங்கலாம், ஐபோன் என்றால் சிம்மோடு ஆர்-சிம் எனப்படும் மெல்லிய சிப்பை ஒட்டலாம். என் ஓட்டு முதல் வழிக்கு.

சிப் மலிவு, உடனே சிக்னல் வரும். ஆனால் அது லாக்கைத் தொடுவதே இல்லை. சிம்முக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இது பழைய நெட்வொர்க்கின் சிம்தான் என்று போனிடம் பொய் சொல்கிறது. ஐஓஎஸ் அப்டேட்டிலோ ரீசெட்டிலோ போன் மறுபடி ஆக்டிவேட் ஆகும்போது அந்தப் பொய் செல்லாமல் போகலாம். பிறகு சிப்பில் புது சிம் அடையாள எண்ணைத் தேடிப் பதிய வேண்டும், இல்லையேல் புது சிப். அதற்குப் பயந்து அப்டேட்டே போடாமல் வைத்திருப்பது இன்னும் மோசம். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது. சிப்பை எங்கே ஒட்டுவது?

முறைப்படி திறந்தால் ஆப்பிளின் சர்வரிலேயே அந்த ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) விடுபட்டுவிடும். எத்தனை முறை அழித்து நிறுவினாலும் லாக் திரும்பாது. செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கும். விற்கும்போது வாங்குபவர் பார்ப்பதும் இந்த வரியைத்தான். முறைப்படி திறக்க, பெரும்பாலும் தவணை பாக்கி இருக்கக் கூடாது, திருட்டுப் பட்டியலில் ஐஎம்இஐ ஏறியிருக்கக் கூடாது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் இதற்குக் கட்டணமே இல்லை. சிக்கல் கை மாறிய பழைய போனில்தான்: முதலில் வாங்கியவரின் கணக்கு விவரம் கேட்டால் கை கட்டிப்போகும்.

கோடு, பழைய ஆண்ட்ராய்டுகளுக்குச் சரி. தவறான கோடைச் சில முறை அடித்தால் போன் அந்த நெட்வொர்க்கோடு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம்.

இதில் எந்த வழியும் பேண்டை (போன் பிடிக்கும் அலைவரிசையை) கூட்டித் தராது, அது வன்பொருள். போகும் நாட்டு நெட்வொர்க்கின் 4ஜி பேண்டுகளை, போனின் மாடல் எண்ணுக்கு உரிய பட்டியலோடு முதலில் ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் மாடல் எண் மாறினால் பேண்டும் மாறும். 3ஜி மூடிய நாடுகளில் வோல்டிஇயும் (4ஜியிலேயே குரல் அழைப்பு போகும் வசதி) வேண்டும். ஆஸ்திரேலியாவில் 4ஜியில் அவசர அழைப்பு போகாத போன்களை 2024 அக்டோபர் 28 முதல் நெட்வொர்க்குகளே தடுக்கின்றன. சிம் போட்டதும் ஒரு அழைப்பு விட்டு, பேசும்போது மேலே 4ஜி குறி 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் வோல்டிஇ ஓடவில்லை.