அடைத்த வளையா, திறந்த வங்கா? கோஃபரும் கிரவுண்ட்ஹாக்கும்

தோட்டத்தில் புதுமண் குவிந்து கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டையின் வாய். கோஃபர், கிரவுண்ட்ஹாக் இரண்டும் மண்ணில் வளை தோண்டி வாழும் அமெரிக்கக் கொறித்துண்ணிகள். கோஃபர் உள்ளே போனதும் தன் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். கிரவுண்ட்ஹாக் திறந்தே போட்டுவிடும். எங்கே வேலி போடுவது, எதைப் பொறியாக வைப்பது, எந்த மாதம் வேலையைத் தொடங்குவது என்ற எல்லாவற்றுக்கும் பதில் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் காய்கறி போடும் நம்மவர்கள் பலர் இரண்டையும் பெருச்சாளிக் கணக்கில் சேர்த்துவிட்டு, ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றொன்றுக்குச் செய்து காசை விடுகிறார்கள்.

இருக்கும் ஊரே பாதி விடையைச் சொல்லிவிடும். நியூஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா என்றால் கிரவுண்ட்ஹாக். அந்தப் பக்கம் கோஃபர் கிடையாது. கலிஃபோர்னியா என்றால் கோஃபர். அங்கே கிரவுண்ட்ஹாக் இல்லை. மினசோட்டா போன்ற நடுப்பகுதி மாநிலங்களில்தான் இரண்டும் இருக்கும். கலிஃபோர்னியாவில் நாலு அங்குல அகலத்தில் திறந்த ஓட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் தரை அணில். எரிமலை வாய்போல வட்டமாக மண் எழுந்து, புல்லுக்கடியில் வரிவரியாகத் தரை புடைத்திருந்தால் அது மோல். மோல் புழு பூச்சி தின்பது, கொறித்துண்ணியே அல்ல. அதை எலிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கோஃபர் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். வாயை மூடினாலும் முன்பற்கள் உதட்டுக்கு வெளியே நிற்கும், அதனால் மண் வாய்க்குள் போகாமல் பல்லாலேயே தோண்ட முடிகிறது. கன்னத்தின் வெளிப்பக்கம் இரண்டு ரோமப் பைகள் உண்டு. கிழங்கையும் வேரையும் அவற்றில் அடைத்துக்கொண்டு கிடங்குக்குக் கொண்டுபோகும். தீனி தேடும் சுரங்கம் 6 முதல் 12 அங்குல ஆழத்தில், மூன்று அங்குலம் போல அகலத்தில் ஓடும். கூடும் கிடங்கும் இருக்கும் இடம் 6 அடி ஆழம் வரை போகலாம். வெளியே தள்ளிய மண் பிறைபோல, விசிறிபோல ஒரு பக்கமாக விரிந்திருக்கும். அடைப்பு நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கும். இனப்பெருக்கக் காலம் தவிர ஒரு வளைக்கு ஒரு கோஃபர்தான். பத்து மேடு தெரிகிறதே என்று பத்து எலி இருப்பதாக நினைத்துப் பயப்பட வேண்டாம், எல்லாம் ஒன்றின் வேலையாகவே இருக்கலாம்.

கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பத்தின் பெரிய உறுப்பினர். எடை 2 முதல் 6 கிலோ. முதன்மை வாசல் 10, 12 அங்குல அகலம், எதிரே பெரிய மண்திட்டு. அந்தத் திட்டின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும், ஆபத்தென்றால் விசிலடிக்கும். இதற்கு விசில் பன்றி என்ற பெயரும் உண்டு. புல்லுக்குள் இன்னொரு வாசல் மறைந்திருக்கும். அதை உள்ளிருந்து தோண்டுவதால் வெளியே மண்ணே இருக்காது. பலர் பெரிய ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு ஏமாறுவது இந்தப் பின்வாசலால்தான்.

சேதமும் வேறு மாதிரி. கோஃபர் கீழிருந்து தின்னும்: நேற்று நன்றாக நின்ற செடி இன்று வாடி நிற்கும், பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். சில நேரம் முழுச் செடியும் மண்ணுக்குள் இறங்கிப்போகும். சொட்டுநீர்க் குழாயையும் கடிக்கும். கிரவுண்ட்ஹாக் பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும், மேலே வந்து மேயும். பீன்ஸ், பட்டாணி, கீரை, புரோக்கோலி என இளந்தளிராகப் பார்த்து வரிசையாக நறுக்கிவிட்டுப் போகும்.

நாட்டுக் கதைகளில் கிரவுண்ட்ஹாக்குக்குத்தான் மேலிடம். பிப்ரவரி 2 அன்று அது வெளியே வந்து தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீளும் என்பது நம்பிக்கை. கிறிஸ்தவர்களின் மெழுகுவர்த்தித் திருநாளும் அன்றுதான். ஜெர்மனியில் இந்தக் குறி வளைக்கரடி (பேட்ஜர்) என்ற விலங்கைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் அதைக் கிரவுண்ட்ஹாக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த மாநிலத்தின் பங்க்ஸடானி ஊரார் 1887 முதல் அன்று காப்ளர்ஸ் நாப் குன்றுக்குப் போய்க் குறி கேட்கிறார்கள். பலித்தது பாதிக்கும் குறைவே. ஆனால் கதைக்குள் ஒரு மெய் இருக்கிறது: பிப்ரவரித் தொடக்கத்தில் ஆண் கிரவுண்ட்ஹாக்குகள் குளிர்கால உறக்கம் கலைந்து வெளியே வந்து, பெண்களின் வங்குகள் எங்கே என்று சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போய்ப் படுக்கின்றன. இணை சேர்வது மார்ச்சில்.

இதே விலங்கின் பெயரால் ஒரு மொழிக்காப்பும் நடக்கிறது. 1934இல் ஆலன்டவுனில் தொடங்கிய 'கிரண்ட்ஸௌ' சங்கங்களின் விருந்துகளில் பென்சில்வேனிய ஜெர்மன் மட்டுமே பேச வேண்டும். ஆங்கிலச் சொல் வாயில் வந்தால் அபராதம். கிரண்ட்ஸௌ என்றால் நிலப்பன்றி. தாய்மொழி கைநழுவிப்போகுமோ என்ற கவலை தெரிந்த யாருக்கும் இந்தச் சங்கம் நெருக்கமாகவே தோன்றும்.

கோஃபருக்கு இப்படித் திருநாள் இல்லை, கிடைத்தது தலைக்கு விலைதான். மினசோட்டாவில் முன்கால் ஜோடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சிகள் பணம் தருவது பழைய வழக்கம். அங்குள்ள வயோலாவில் 1874 முதல் கோஃபர் எண்ணும் விழாவே நடக்கிறது. அந்த மாநிலத்துக்குக் கோஃபர் மாநிலம் என்றொரு பெயர் உண்டு, ஆனால் அந்தப் பெயருக்குரிய விலங்கு உண்மையில் வரிபோட்ட தரை அணில்.

இரண்டும் தோண்டியதில் நன்மையும் விளைந்திருக்கிறது. 1980இல் வாஷிங்டன் மாநிலத்தின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது மண்ணுக்கடியில் தப்பிய கோஃபர்கள் சாம்பலுக்குக் கீழிருந்த பழைய மண்ணை மேலே கொண்டுவந்தன, செடிகள் அதில் வேர்பிடித்தன. பென்சில்வேனியாவின் மெடோகிராஃப்ட் பாறைக்குடிலில் ஆதிமனிதர் தடயம் முதலில் கிடைத்தது 1955இல், ஒரு கிரவுண்ட்ஹாக் வங்கில். இன்னொன்று நம் வீட்டு வைத்தியத்தோடு சேர்ந்தது. கிரவுண்ட்ஹாக்கின் கல்லீரல் வைரஸ் ஒன்று மனிதரின் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு நெருங்கிய உறவு. அதனால் ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பரூக் பிளம்பர்க்கின் குழுவினர் கீழாநெல்லிச் சாற்றை இவற்றுக்குக் கொடுத்துப் பார்த்து, வைரஸ் குறைந்ததாக 1987இல் எழுதினார்கள். பிறகு மனிதரிடம் செய்த பல சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

இனித் தடுப்பு. கோஃபருக்கு மேலே வேலி போட்டுப் பயனில்லை, வலை மண்ணுக்கடியில் இருக்க வேண்டும். உயர்த்திய பாத்தி என்றால் மண் கொட்டுமுன் அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கால்வனைஸ் கம்பிவலையை விரித்து, ஓரங்களைப் பலகைமேல் ஏற்றி ஆணியடிக்க வேண்டும். மூலையில் இரண்டு விரல் இடைவெளி விட்டாலும் அந்த வழியாக வந்துவிடும். கோழிக்கூண்டு வலை மலிவு, ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். எலுமிச்சை, அத்தி போன்ற கன்றுகளைக் கம்பிக்கூடைக்குள் வைத்து நடலாம். கூடையின் வாய் தரைக்கு மேல் சில அங்குலம் நிற்கட்டும்.

பொறி வைப்பதானால் ஈரம் காயாத புதுமேட்டைத் தேர்ந்தெடுங்கள். அடைப்பு இருக்கும் பக்கமாக 8 முதல் 12 அங்குலம் தள்ளிக் கம்பியால் குத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கம்பி சட்டென்று இரண்டு அங்குலம் இறங்கும். அதுதான் முதன்மைச் சுரங்கம். அங்கே தோண்டி, இரு திசைக்கும் ஒவ்வொன்றாக இரண்டு இடுக்கிப் பொறிகளை வைத்து, கம்பியால் முளையில் கட்டிவிடுங்கள்; கட்டாவிட்டால் வேறொரு விலங்கு பொறியோடு இழுத்துக்கொண்டு போகும். கலிஃபோர்னியாவின் லாஸ் கேட்டோஸைச் சேர்ந்த ஸெஃபர் மகாபீ 1900இல் காப்புரிமை பெற்ற மாதிரி இன்றும் விற்கிறது. மேட்டுக்குப் போகும் கிளைச் சுரங்கத்தில் வைப்பதுதான் வழக்கமான தவறு: கோஃபர் முன்னால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து பொறியையே புதைத்துவிடும். 48 மணி நேரத்தில் சிக்காவிட்டால் இடம் மாற்றுங்கள். பிடித்ததும் மேடுகளைத் தட்டிச் சமமாக்கிவிட்டால், பக்கத்துக் கோஃபர் காலி வளைக்குக் குடிவருவது புதுமண்ணில் தெரியும். கோஃபர் குளிரிலும் உறங்குவதில்லை, ஆண்டு முழுதும் கவனம் வேண்டும்.

அதிர்வுக் கருவி, வளைக்குள் சூயிங்கம் போடுவது, கோஃபரை விரட்டும் என்று நம்பி நடும் ஒருவகைக் கள்ளிச்செடி எல்லாம் வீண்செலவு. அந்தச் செடியின் பால் நஞ்சு, குழந்தைகள் நடமாடும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கிரவுண்ட்ஹாக்குக்கு வேலி வேலை செய்யும், அதுவும் சரியாகப் போட்டால்தான். தரைக்கு மேல் 3 முதல் 4 அடி. அடியில் ஓர் அடி வலையை மண்ணில் புதைக்க வேண்டும், அல்லது வெளிப்பக்கமாக எல் வடிவில் மடித்துத் தரையோடு பதிக்க வேண்டும். இது நன்றாக மரமேறும் விலங்கு. ஆகவே மேல் ஓர் அடியைக் கம்பத்தில் கட்டாமல் தொங்கவிடுங்கள். ஏறும்போது வலை பின்னால் வளைந்து அதைக் கீழே இறக்கிவிடும். இறுக்கிக் கட்டிய வேலி அதற்கு ஏணி.

தோட்டக் கொட்டகைக்கு அடியில் குடியிருந்தால் வெளியேற்றக் காலம் பார்க்க வேண்டும். வசந்தத்தில் உள்ளே குட்டிகள் இருக்கும், அக்டோபருக்குப் பிறகு உறக்கத்தில் இருக்கும். கோடையின் பிற்பகுதிதான் தோது. பிடித்து வேறிடத்தில் விடுவதைப் பல மாநிலங்கள் தடைசெய்கின்றன. வெறிநாய்க்கடி நோய் அமெரிக்கக் கொறித்துண்ணிகளில் அதிகம் பதிவாவது இதில்தான் என்பதால் வெறுங்கையால் தொடவும் கூடாது. பின்வாசலையும் தேடிப்பிடித்து, எல்லா வாய்களிலும் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகத் திணியுங்கள். ஐந்து நாள் நல்ல வெயிலிலும் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அப்போது மூன்றடிச் சதுரக் கெட்டிக் கம்பிவலையை ஓட்டையின்மேல் வைத்து, ஓர் அடி மண்ணுக்கடியில் புதைத்துவிடலாம். வங்கு வீட்டைவிட்டு விலகி வேலியோரத்தில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அது போன பிறகு முயலோ நரியோ அங்கே ஒதுங்கும்.