மாட்டுக்கு ஆள் இருக்கிறது, சம்பளத்துக்கு இல்லை

பிறந்தநாள், திதி என்று வந்தால் ஊரில் உள்ள ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புவது, வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அம்மாவின் திதிக்காக டொராண்டோவிலிருந்து கடலூர் வந்தபோது, நாங்கள் பணம் அனுப்பிவரும் இல்லத்துக்கு நேரிலேயே போய் வந்தோம். பண்ருட்டி சாலையில் நெல்லிக்குப்பம் தாண்டி உள்ளே போகவேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு, கடலோரக் கிராமங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஆரம்பித்த இடம். அந்தப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து போய்விட்டார்கள். இப்போது இருக்கும் நாற்பது பேரும், ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு மூலமாக வந்தவர்கள். தங்கும் அறைகளும் குளியலறைகளும் சுத்தமாக இருந்தன. ஆனால் நான் எழுத வந்தது பின்னால் இருக்கும் கொல்லையைப் பற்றி.

இரண்டு காணி, அதாவது இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். முன்பு முந்திரிக் கொல்லையாக இருந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் மரமெல்லாம் சாய்ந்துவிட, உள்ளூர்க்காரர் ஒருவர் அதை இல்லத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று அதைப் பார்த்துக்கொள்கிற தம்பி இதே இல்லத்தில் வளர்ந்து, விவசாயத்தில் டிப்ளமோ படித்தவர்.

எடுத்த எடுப்பிலேயே அவர் சொன்னது: "அண்ணா, அரிசில தன்னிறைவுன்னு நான் சொல்ல மாட்டேன்." ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 400 கிராம் என்று வைத்தாலும் நாற்பது பேருக்கு 16 கிலோ, வருஷத்துக்கு ஆறு டன் வரை ஆகும். ஒரு காணியில் ஒரு போகம் நெல் போட்டால் வரும் அரிசி மூன்று, நாலு மாசத்துக்குத்தான் காணும். அதனால் நெல்லை விட்டுவிட்டு, சந்தையில் தினமும் காசு கொடுத்து வாங்கவேண்டியதாக இருந்த காய், கீரை, பால் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். சிறுகீரை விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். பாத்தி பாத்தியாக நாள் தள்ளி விதைப்பதால் வாரம் முழுக்கக் கீரை இருக்கிறது. வேலியோரம் பி.கே.எம்.1 ரக முருங்கை. பந்தலில் பீர்க்கன், புடலை. மணல் பாங்கான மேட்டில் மல்லாட்டை (நிலக்கடலை). அதில் ஆட்டுகிற எண்ணெய் சமையலுக்கு.

கலப்பினப் பசு ஐந்து. அவற்றுக்காக கோ 5 ரகத் தீவனப்புல் போட்டிருக்கிறார்கள். நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளைக்கு ஒரு தரம். பிள்ளைகளுக்குப் போக மிச்சப் பால் சொசைட்டிக்குப் போகிறது. சாணி 2 கன மீட்டர் கோபர் கேஸ் தொட்டிக்கு. அதற்கு நாளைக்கு 50 கிலோ சாணி வேண்டும், ஐந்து மாடும் இருந்தால்தான் கட்டிவரும். ஒரு கன மீட்டர் வாயு சுமார் 0.43 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம் என்பார்கள். கணக்குப் போட்டால் மாசத்துக்கு 14.2 கிலோ சிலிண்டர் கிட்டத்தட்ட இரண்டு மிச்சம். தொட்டியிலிருந்து வெளிவரும் கரைசல் நேரே பாத்திக்குப் பாய்கிறது.

பிள்ளைகளை வேலை வாங்குகிறார்களா என்று நேராகவே கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியம். கூலிக்கு ஊரிலிருந்து இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள். பள்ளிவிட்டு வந்து, பிடித்த பிள்ளைகள் மட்டும் ஆளுக்கொரு சின்னப் பாத்தி வைத்துக்கொள்கிறார்கள். பரீட்சை நேரத்தில் அதுவும் கிடையாது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, அடுத்து பெண்ணையாற்றிலும் வெள்ளம் வந்ததில் காய்கறிப் பாத்தி முழுக்க அழுகிவிட்டதாம். மோட்டார் போச்சு. மாடுகளை மட்டும் மேட்டுக்கு ஓட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். மறுபடி கீரை பறிக்கும்வரை பல வாரம் வெளியார் கொடுத்ததில்தான் சமையல் நடந்திருக்கிறது. இப்போது கொட்டகைத் தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

என்னை உலுக்கியது வார்டன் அக்கா சொன்னதுதான்: "மாடு வாங்கித் தர ஆள் இருக்குங்க. மாட்டைப் பார்த்துக்கிற புள்ளைக்குச் சம்பளம் தரத்தான் ஆள் இல்ல." அந்தத் தம்பிக்கு வெளியில் இதைவிட நல்ல சம்பளம் கிடைக்கும். அவர் போய்விட்டால் கொல்லை ஆறே மாசத்தில் தரிசாகிவிடும். நாம் மாட்டோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். சம்பளத்துக்குக் கொடுப்பதைப் படம் எடுக்க முடியாது என்பதால் விட்டுவிடுகிறோம். அந்தப் பணத்தில்தான் நாற்பது பிள்ளைகளின் குழம்பு கொதிக்கிறது. இனி திதிச் சாப்பாட்டுக்குப் பதிலாக அவருடைய மாசச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருவதென்று வீட்டில் முடிவு செய்தோம்.

பணம் அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. எங்களைப் போல வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தந்தால், பூர்வீகம் இந்தியாவாக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க இல்லத்துக்கு அனுமதி இருக்கவேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் பணம் வந்து சேரவேண்டும். அப்படிப்பட்ட நன்கொடைக்கு ஊர்க் கிளைக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அனுப்பாதீர்கள், இல்லத்துக்குத்தான் சிக்கல்.

பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அவர்கள் அடையாளம் வெளியே தெரிவதைத் தடுக்கிறது. எந்த இல்லம் முறையாகப் பதிவானது என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துக்கொள்ளலாம். இல்லத்துக்குப் போனால், கொல்லையைப் பார்த்துக்கொள்வது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.