ஆக்சலாட்டல் தொட்டிக்கு ஒரு நீர்ச் சோதனைப் பெட்டி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

திரவக் குப்பிகளும் கண்ணாடிக் குழாய்களும் வண்ண அட்டையும் அடங்கிய இந்த நீர்ச் சோதனைப் பெட்டியை, அதாவது டெஸ்ட் கிட்டை, நான் ஒரு நெருக்கடியில்தான் வாங்கினேன். ஒரு நாள் காலையில் குனிந்து தொட்டியைப் பார்த்தபோது, என் ஆக்சலாட்டலின், அதாவது வாழ்நாள் முழுவதும் செவுள்களோடு நீரிலேயே வாழும் அந்த நீர்நில வாழ்வியின், மூன்று இணைச் செவுள்களும் முகத்தை நோக்கி முன்பக்கமாக வளைந்திருந்தன. வாலின் நுனி தூண்டில் முள்ளைப் போல மடங்கியிருந்தது. முந்தைய இரவு வைத்த மண்புழுத் துண்டு வைத்த இடத்திலேயே வெளுத்துக் கிடந்தது. எந்த இரையையும் விட்டுவைக்காத விலங்கு அது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செவுள் முன்னோக்கி வளைவது இந்த விலங்கின் மன அழுத்தத்துக்கு முதல் அடையாளம் என்பது வளர்ப்போர் பலருக்கும் தெரியும். ஆனால் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். செவுளைச் சுற்றித் தேங்கிய நீரை விலக்குவதற்காக ஆக்சலாட்டல் அவ்வப்போது செவுள்களைச் சட்டென்று முன்னே வீசிப் பின்னே கொண்டுவரும். அது இயல்பான அசைவு. எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்குவதும் அப்படித்தான், ஏனெனில் அதற்கு எளிய அமைப்புடைய நுரையீரலும் உண்டு. வளைந்த செவுள் மணிக்கணக்கில் அப்படியே நிற்பதும், வால்நுனி விரியாமல் இருப்பதும், திரும்பத் திரும்ப மேற்பரப்புக்கு ஓடுவதும், தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பதறி நீந்துவதும், இரையை மறுப்பதும்தான் கவலைக்குரியவை. இவற்றில் எதுவும் காரணத்தைச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். வடிகட்டியின் நீரோட்டம் வலுத்தாலும், நீர் சூடேறினாலும், கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியா கூடினாலும் அதன் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முறையிடுகிறது. அந்த முறையீட்டுக்கு நீர்தான் காரணமா என்பதைப் பிரித்துக் காட்டுவதற்காகவே இந்தப் பெட்டி தேவைப்படுகிறது.

இதில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.ஹெச் (நீரின் அமில-காரத் தன்மை) ஆகிய நான்கையும் சோதிக்கலாம். ஒவ்வொரு முறையும் குழாயில் 5 மில்லி தொட்டி நீரை எடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொட்டுகளை விட்டு, குலுக்கிச் சில நிமிடங்கள் காத்திருந்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அம்மோனியா இல்லாத நீர் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும்; அம்மோனியா கூடக்கூடப் பச்சை ஏறும். நைட்ரைட் இல்லையென்றால் வெளிர் நீலம், இருந்தால் ஊதா. நைட்ரேட் மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சள் வழியாகச் சிவப்புக்குப் போகும். ஆக்சலாட்டலுக்கு முதல் இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பி.பி.எம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்குக்குள்) இருப்பது நல்லது.

அன்று என் குழாயில் தெரிந்தது தெளிவான பச்சை: அம்மோனியா 1 பி.பி.எம். நைட்ரைட் 0, நீரின் வெப்பம் 17 டிகிரி. அந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் இரண்டு நாளுக்கு முன் நான் செய்தது நினைவுக்கு வந்தது. வடிகட்டியின் ஸ்பாஞ்சுகளைக் குழாய் நீரில் பளிச்சென்று அலசியிருந்தேன். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது பெரும்பாலும் அந்த ஸ்பாஞ்சில்தான். குழாய் நீரிலிருந்த குளோரின் அவற்றைக் கொன்றுவிட்டது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாகப் பிழிந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. என் கவனக்குறைவுக்கு அந்த விலங்கு துன்பப்பட்டதை இன்றும் மனம் ஏற்கவில்லை.

பாதி நீரை மாற்றினாலும் 1 என்பது 0.5 ஆகத்தான் குறையும். அதுவும் ஆபத்தான அளவுதான். ஆகவே ஆக்சலாட்டலைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். குளோரின் நீக்கிய, அதே வெப்பத்திலுள்ள நீரை அதன் முதுகுக்கு மேல் நன்றாக மூடும் அளவுக்கு ஊற்றி, துளையிட்ட மூடியை மூடி, வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்தேன். அதற்கு இமைகள் இல்லை; பிரகாசமான விளக்கே அதற்கு ஒரு சுமை. ஒவ்வொரு நாளும் அந்த நீரை முழுவதுமாக மாற்றினேன். இது மிகையான வேலை என்று நினைப்போர், 24 மணி நேரம் கழித்து அந்த நீரை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்: காலையில் மஞ்சளாக இருந்தது மறுநாள் காலையில் இளம்பச்சைக்கு வந்திருந்ததை நான் கண்கூடாகக் கண்டேன். இரண்டாம் நாள் வால்நுனி நேரானது. மூன்றாம் நாள் செவுள்கள் பின்னோக்கி விரிந்து, இழைகளில் சிவப்பு திரும்பியது. நான்காம் நாள் மண்புழுவை ஒரே உறிஞ்சலில் விழுங்கியது.

பெரிய தொட்டி மீள ஐந்து வாரங்கள் ஆயின. பாக்டீரியாக்களுக்கு அம்மோனியா வேண்டும் என்பதால் சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுகவிட்டேன். முதலில் பச்சை குறைந்து ஊதா ஏறியது. பிறகு ஊதாவும் மறைந்து செம்மஞ்சள் மட்டும் நின்றது. இந்தப் பெட்டி தன் விலைக்கு முழு மதிப்பைத் தந்தது இந்த வாரங்களில்தான். அம்மோனியா 0 என்று கண்ட அன்றே விலங்கைத் திரும்ப விட்டிருந்தால், அப்போது உச்சத்திலிருந்த நைட்ரைட்டுக்குள் அதைத் தள்ளியிருப்பேன்.

அடுத்த முறை பெட்டி எனக்கு உதவியது வேறு விதத்தில். கோடையில் மீண்டும் இரை மறுப்பும் செவுள் வளைவும் தோன்றின. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. நீரில் குறையில்லை என்று உறுதியானதும் தேவையற்ற நீர் மாற்றத்தில் இறங்காமல் வெப்பமானியைப் பார்த்தேன்: 23 டிகிரி. 16 முதல் 18 டிகிரி வரை நலமாக இருக்கும் இந்த விலங்குக்கு 24ஐத் தாண்டுவது உயிராபத்து; நீர் சூடேறும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, உடலின் தேவையோ கூடுகிறது. நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்ததும், ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. பனிக்கட்டிப் புட்டிகளைப் போடுவதை நான் விரும்பவில்லை, ஏனெனில் உருகி முடிந்ததும் வெப்பம் மறுபடி ஏறி, அந்த ஏற்ற இறக்கமே இன்னோர் அழுத்தமாகிறது.

பெட்டியில் வெப்பமானி கிடையாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நீரின் கடினத்தன்மைக்கான சோதனையும் இல்லை. தனியாகத்தான் வாங்க வேண்டும். நீரோட்டத்தை அளக்கக் கருவியே தேவையில்லை: செவுள் இழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடினால் ஓட்டம் அதிகம். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்களில், ஏறக்குறைய அசையாத நீரில் வாழ்ந்து வந்த இனம் இது.

பெட்டியின் பெரிய குறை நைட்ரேட்டின் இரண்டாம் குப்பி. அதிலுள்ள பொருள் அடியில் படிந்து இறுகிவிடுகிறது. குப்பியை 30 விநாடி பலமாகக் குலுக்கி, சொட்டுகளை விட்ட பின் குழாயையும் ஒரு நிமிடம் குலுக்காவிட்டால், உண்மையில் 40 இருக்கும் இடத்தில் 5 என்று காட்டும். முதல் மூன்று வாரங்கள் நான் பெற்ற நைட்ரேட் அளவுகள் அனைத்தும் இதனால் பொய்த்தன. இந்த எச்சரிக்கை கையேட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

வண்ண அட்டையும் எளிதன்று. 0க்கும் 0.25க்கும் இடையேயுள்ள வேறுபாடு மஞ்சள் விளக்கின் கீழ் தெரிவதே இல்லை. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முன்னே குழாயைப் பிடித்துப் பார்ப்பதே வழி. ஐயம் வந்தால் அம்மோனியா இல்லாத வாலை வடிநீரைப் பக்கத்துக் குழாயில் சோதித்து இரண்டையும் ஒப்பிடுகிறேன். அம்மோனியாவைக் கட்டிப்போடும் வகை குளோரின் நீக்கியைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: கட்டுண்ட அம்மோனியாவையும் இந்தச் சோதனை சேர்த்தே காட்டும். குப்பிகளில் கடுமையான அமிலமும் காரமும் இருப்பதால், சோதித்த நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. நீர்நில வாழ்வியின் மெல்லிய தோல் எதையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். அதே காரணத்தால்தான், அழுத்தம் தெரிந்தவுடன் உப்புக் குளியலுக்கு ஓடுவதை நான் ஏற்பதில்லை. செவுளில் வெண்பஞ்சு போன்ற பூஞ்சை பற்றினால் அது வேறு விஷயம். அப்போதும் நீர்நில வாழ்விகளை அறிந்த கால்நடை மருத்துவரைக் கேட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

தாள் பட்டைகள் இதைவிட மலிவு, ஒரு நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் நான் முன்பு வைத்திருந்த பட்டையில் அம்மோனியாவுக்கான கட்டமே இல்லை, அந்தக் காலையில் அது எனக்கு எந்தத் துப்பும் தந்திருக்காது. ஆகவே குறைகளோடும் இந்தப் பெட்டியையே பரிந்துரைக்கிறேன், தொட்டி வாங்கும் நாளிலேயே, விலங்கை வாங்குவதற்கு முன்பே. தயாரிப்பாளரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. நைட்ரேட் குப்பியின் மீதே "30 விநாடி குலுக்கவும்" என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். எல்லாக் குப்பிகளிலும் தொகுப்பு எண்ணுக்குப் பதிலாகக் காலாவதி தேதியைத் தெளிவாகப் போட வேண்டும். அதுவரை நான் திறந்த தேதியைச் சிறு தாளில் எழுதி ஒவ்வொரு குப்பியிலும் ஒட்டி வைத்திருக்கிறேன்.