ஏஸ் வலையமைப்பும் ஐடியா தரவுத்தளமும்

தேர்தலை நடத்துவது பற்றி அறிய விரும்புவோருக்கு இணையத்தில் கிடைப்பவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை: ஏஸ் தேர்தல் அறிவு வலையமைப்பு; ஸ்டாக்ஹோமில் இயங்கும், ஜனநாயகத்தை ஆதரிக்கும் அரசுகளிடை அமைப்பான சர்வதேச ஐடியா நிறுவனத்தின் வாக்குப்பதிவுத் தரவுத்தளம்.

1998-இல் ஐடியா, ஐக்கிய நாடுகள், தேர்தல் முறைகளுக்கான சர்வதேச அறக்கட்டளையான ஐஃபெஸ் ஆகியவற்றின் கூட்டுத் திட்டமாகத் தொடங்கிய ஏஸ், தொகுதி வரையறை, வாக்காளர் பதிவு, வாக்கு எண்ணிக்கை முதலியவற்றைக் கலைக்களஞ்சியப் பாணியில் விளக்குகிறது. ஒரே பணியைப் பல நாடுகள் எப்படிச் செய்கின்றன என்பதை அருகருகே வைத்துக் காட்டுவதே அதன் பலம். ஆனால் கட்டுரைகள் நீளமானவை, அவசரத்துக்கு உதவா.

ஐடியாவின் தரவுத்தளமோ 1945 முதலான தேர்தல்களின் எண்களையே முதன்மையாகத் தருகிறது. பதிவுசெய்த வாக்காளர்களை அடிப்படையாகக் கொண்ட விகிதத்தையும், வாக்களிக்கும் வயதுடைய மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட விகிதத்தையும் அது தனித்தனியே காட்டுவதை நான் பெரிதும் மதிக்கிறேன். இறந்தோரின் பெயர்கள் நீக்கப்படாத பட்டியலில் முதல் விகிதம் குறைந்து தோன்றும், குடியுரிமையற்றோர் மிகுந்த நாட்டில் இரண்டாவது குறையும். எனினும் அந்த ஏற்ற இறக்கத்துக்கான காரணத்தை எண்கள் சொல்லா. பட்டியலைத் திருத்தும் முறையைத் தேடும் அதிகாரிக்கு ஏஸையும், போக்கை ஆராயும் மாணவருக்கு ஐடியாவையும் பரிந்துரைப்பேன்.