ஒப்புக்குச் சப்பாணியாக நாலு வருஷம்

ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் போன வாரம் திருப்பூரிலிருந்து வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். "மாப்ள, நீ இன்னும் அந்த கேம் ஆடுறியா? ராத்திரி ஒரு மணி நேரம் ஃப்ரீயா கெடைக்குது, திரும்பப் போடலாமான்னு பாக்குறேன்." இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். இப்படி நீண்டுவிட்டது.

எந்த கேம் என்று சொல்லப்போவதில்லை. ஐவருக்கு ஐவர், துப்பாக்கி, குண்டு வைக்கிறது ஒரு பக்கம், எடுக்கிறது மறுபக்கம். ஆடுகிறவர்களுக்கு இது போதும். மேப், கிராஃபிக்ஸ், ஸ்கின் விலை பற்றியெல்லாம் ஆளாளுக்குப் பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது மேட்ச்மேக்கிங், அதாவது யாரோடு யாரை மோத விடுவது என்று கேமே முடிவு செய்கிற ஏற்பாடு, அது ஒன்றைப் பற்றித்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். சோலோவாக, கூட்டாளி இல்லாமல் தனியாக, உள்ளே போனால் இதைப்போல ஆள் பிடித்துக் கொடுக்கிற கேம் வேறு இல்லை. நாற்பதைத் தொடுகிற வயது, கை மெதுவு, பகல் முழுக்க எக்செல் பார்த்த கண். அப்படிப்பட்ட எனக்கு அதே போன்ற ஒன்பது பேரை ஒரு நிமிடத்தில் திரட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறது. 13-11இல் ஜெயிக்கிறேன், 11-13இல் தோற்கிறேன். நாலு வருஷக் கணக்கைப் பார்த்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. எதிரே இருப்பவனும் என்னைப் போலவே மூலையில் பதுங்கி, என்னைப் போலவே ரீலோட் செய்யும்போது மாட்டிக்கொள்கிறான். ஒரு வகையில் சொந்தக்காரன் மாதிரி.

ஆனால் இந்த கேமை நான் போட்டது சோலோ ஆட அல்ல. அக்கா பையனுக்காக. அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது "மாமா, நீங்களும் வாங்க" என்று அவனே இன்ஸ்டால் செய்து கொடுத்தான். அன்றைக்கு இருவரும் சில்வர், கீழ்ப்படி ரேங்க். இப்போது அவன் பெங்களூரில் இன்ஜினியரிங் முதல் வருஷம், ரேங்கில் பல படி மேலே டைமண்ட். நான் இன்னும் சில்வர்.

ரேங்கில் இவ்வளவு தள்ளி இருக்கும் இருவரை ரேங்க் ஆட்டத்தில் சேர விடமாட்டார்கள். எங்களுக்கு அன்ரேட்டட்தான் கதி. அங்கே பெயருக்குத்தான் ரேங்க் கிடையாது. ஒவ்வொருவருக்கும் திறமையைக் காட்டும் ஓர் எண் உள்ளே ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் எண்ணையும் என் எண்ணையும் போட்டுக் குழப்பி ஒரு லாபி, அதாவது ஆடப்போகிற பத்துப் பேர் கூட்டம், தருகிறது. வருகிற எதிரிகள் அவனுக்குக் கொஞ்சம் கீழே, எனக்கு மலை உயரம்.

போன சனிக்கிழமை ராத்திரி 11-12. கடைசி ரவுண்டாக இருக்கலாம். "மாமா, நீங்க அந்தக் கதவ மட்டும் பாத்துக்கிட்டு நில்லுங்க, வேற எதுவும் பண்ணாதீங்க" என்றான். நின்றேன். ஹெட்போனில் காலடிச் சத்தம் கேட்டது, இடமா வலமா என்று யோசிப்பதற்குள் கதவுக்கு முன்னால் புகை. புகைக்குள்ளிருந்து ஒரே குண்டு, ஹெட்ஷாட். என்னைச் சுட்டவன் நின்றுகூடப் பார்க்காமல் ஓடிப்போய்விட்டான். ஹெட்போனில் இவன் குரல்: "பரவால்ல மாமா."

இந்த "பரவால்ல மாமா"தான் எனக்கு நாலு வருஷமாக இந்த கேமோடு இருக்கிற ஒரே பிரச்சினை என்று சொன்னாலும் தப்பில்லை.

கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்த்தால், திறமைக்கு எண் போடுகிற இந்த வேலைக்கெல்லாம் பாட்டன் செஸ்ஸில் இருக்கிறார். அர்பாட் எலோ, ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர். அவருடைய முறையைச் சர்வதேச செஸ் கூட்டமைப்பு 1970இல் எடுத்துக்கொண்டது. 400 புள்ளி வித்தியாசம் என்றால் பதினோரு ஆட்டத்தில் பத்து பெரிய ஆளுக்கு. செஸ்ஸில் எதிரே உட்காருகிறவர் ஒருவர்தான், அதனால் சிக்கலில்லை. அணி ஆட்டத்துக்காக மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் ட்ரூஸ்கில் என்று ஒன்றைச் செய்தது. அது ஆட்களின் பலத்தைக் கூட்டி அணியின் பலம் என்று வைத்துக்கொள்கிறது. கூட்டல் சரிதான். குண்டும் குழியுமான ரோட்டுக்கும் சராசரி உயரம் சரியாகத்தான் வரும். எதிரணிக்காரனுக்குச் சராசரி எதற்கு? மூன்றாவது ரவுண்டிலேயே குழி எங்கே என்று தெரிந்துகொண்டு அதற்குள்தான் வண்டியை விடுகிறான். அந்தக் கதவுக்கு.

எங்கள் தெரு கிரிக்கெட்டில் இதற்கு வழி இருந்தது. யாராவது தம்பியைக் கூட்டி வந்தால் அவன் ஒப்புக்குச் சப்பாணி. முதல் பந்தில் போல்டானால் அவுட் இல்லை, அவனுக்கு உருட்டித்தான் போட வேண்டும். அவன் அழாமல் வீட்டுக்குப் போவது எதிரணியின் பொறுப்பும்கூட. இங்கே எதிரே இருக்கிற ஐந்து பேருக்கும் நான் யாரென்று தெரியாது. தெரிந்தாலும் உருட்டிப் போடப்போவதில்லை.

"இன்னொரு ஐடி போட்டு உங்க லெவலுக்கு வரட்டா மாமா?" என்று பையன் கேட்டான். சரி என்றேன், தப்புதான். ஒரு வாரம் ராஜபோகம். என்னைப் போன்ற எக்செல் கண்காரர்களை அவன் வரிசையாகச் சாய்த்தான், நான் பின்னாலேயே நடந்து போனேன். ஒரு ஆட்டம் முடிந்ததும் எதிரணியில் ஒருவர் சாட்டில் "தம்பி, ஆபீஸ் முடிச்சு வந்து ஒரு மேட்ச்தான் ஆடுறேன்" என்று தமிழிலேயே போட்டார். எங்கள் பேச்சைக் கேட்டிருப்பார் போல. அதோடு அந்த ஐடியை விட்டுவிட்டோம். இப்படி வேறு ஐடியில் கீழே இறங்கி ஆடுகிற ஸ்மர்ஃப் வேலைக்காக டோட்டா 2 என்ற கேமில் 2023 செப்டம்பரில் 90,000 கணக்குகளைத் தடை செய்தார்கள். அன்று அந்தச் செய்தியைப் பார்த்துக் கைதட்டியவன் நான்.

திறமை பார்க்காமல் கலந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கால் ஆஃப் டூட்டி என்ற துப்பாக்கி கேமில் 2024 தொடக்கத்தில் ஆட்களில் ஒரு பகுதிக்குத் திறமையின் எடையைக் குறைத்துப் பார்த்தார்கள். பாதியில் ஓடுகிறவர்கள் கூடினார்கள். மேல்தட்டு பத்து சதவீதம் தவிர மற்றவர்கள் திரும்பி வருவது குறைந்தது. அந்த முடிவை அதை வெளியிடும் ஆக்டிவிஷன் கம்பெனியே சொன்னது. வேலோரண்ட் என்ற ஐவருக்கு ஐவர் கேமில் நாலு பேர் கூட்டாக ரேங்க் ஆட முடியாது, ஐந்தாவதாக மாட்டுகிறவன் பாவம் என்று. ஆக யோசிக்காமல் செய்த வேலை இல்லை. முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு இதைவிட நியாயமாகச் செய்ய முடியாது. மாமனுக்கும் மருமகனுக்கும்தான் இடமில்லை.

சரி மாப்ள, உன் கேள்விக்கு வருகிறேன். சர்வர் நன்றாக இருக்கிறது, மும்பைக்குப் பிங், அதாவது போய்த் திரும்புகிற நேரம், முப்பது மில்லிசெகண்டைத் தாண்டாது. ஆளுக்குப் பஞ்சமில்லை. சோலோவுக்கு இதைவிட நல்லது கிடையாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, போடாதே என்கிறேன். சனிக்கிழமை ராத்திரிக் கோபம் இன்னும் போகவில்லை.

பேச்சைக் கேட்காமல் போட்டாயானால் ஒரு மெசேஜ் தட்டு. ரெண்டு வருஷம் கை பழகாமல் இருந்திருப்பாய், என்னைவிடக் கீழேதான் இருப்பாய். அந்தக் கதவுக்கு ஒரு ஆள் வேண்டும்.