முயலுக்குக் கால் புண்ணா? அமாக்ஸிசிலின் சிரப்பை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் மல்லிக்கு ஏழு வயது. முயல் கணக்கில் அவள் பாட்டி. போன வருடம் வீடு மாறியபோது புதுக் கூண்டு வாங்கப் போனோம். கடைக்காரர் கம்பி வலைத் தளம் போட்ட கூண்டைக் காட்டி, "புழுக்கையெல்லாம் கீழே தட்டுல விழுந்துடும், கழுவுற வேலையே இல்லைக்கா" என்றார். விலை 3,800 ரூபாய். வயசானவள், எடையும் கூட, கால் வலிக்காதா என்று கேட்டேன். "எல்லா முயலும் இதுலதான் வளருது" என்று அடித்துச் சொன்னார். நம்பி வாங்கினேன்.

நாய், பூனைக்கு இருப்பது போல முயலின் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது. அடர்ந்த ரோமம்தான் அதற்குப் பாதுகாப்பு. கம்பியின் மேலேயே உட்கார்ந்திருந்தால் பின்னங்காலில் ரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடும். மல்லிக்கு மூட்டு வலியும் உண்டு, அதிகம் நகர மாட்டாள். இரண்டே மாதத்தில் இரண்டு குதிகாலும் வழுக்கையாகிப் பொருக்குத் தட்டிவிட்டது.

பயந்துபோய் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்கு ஓடினேன். வாசலில் முயல், கிளி எல்லாம் பார்ப்போம் என்று போர்டு. உள்ளே எடை கூடப் பார்க்கவில்லை. நகம் வளர்ந்து வளைந்திருந்ததை நான்தான் காட்டினேன், அதையும் வெட்டவில்லை. புண்ணைச் சுற்றி இறுக்கமாக ஒரு கட்டு, வாய்வழி கொடுக்க அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப், 950 ரூபாய் பில். ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் இரவு மல்லி புல்லைத் தொடவில்லை. காலையில் புழுக்கைக்குப் பதில் தண்ணீராகப் போனது. கூப்பிட்டால் தலை கூடத் தூக்கவில்லை. தூக்கிக்கொண்டு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா சிரப் பாட்டிலை வாங்கிப் பார்த்ததுமே முதலில் அதை நிறுத்தச் சொன்னார். முயலின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் இருக்கின்றன. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் அந்த நல்ல கிருமிகள் அழிந்து, கெட்ட கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். உயிரே போகலாம். நாய்க்கும் குழந்தைக்கும் தினமும் கொடுக்கிற மருந்துதானே என்று நாம் சந்தேகப்படவே மாட்டோம், அதுதான் ஆபத்து.

கட்டைப் பிரித்தால் கால் வீங்கியிருந்தது. டிரிப்ஸ் ஏற்றி, வலிக்கு மெலாக்சிகம் கொடுத்தார்கள். வீட்டில் ஊறவைத்து அரைத்த தீவனத்தை சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். மூன்றாம் நாள் நாலு சின்னப் புழுக்கை போட்டாள். அழுதுவிட்டேன்.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். "எங்க மருந்தால இருக்காது" என்று வைத்துவிட்டார்கள். கடைக்காரர் கூண்டைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார்.

முயல் வைத்திருப்பவர்கள் கிளினிக் போகும் முன் போனிலேயே, முயலுக்கு வாய்வழி என்ன ஆன்டிபயாட்டிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். அமாக்ஸிசிலின் என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். அரை நாள் சாப்பிடாவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

மல்லி இப்போது தடித்த துணி விரிப்பின் மேல் கனமாகப் பரப்பிய காய்ந்த புல்லில்தான் இருக்கிறாள். ஈரமானால் உடனே மாற்றிவிடுகிறேன். இடது கால் ஆறிவிட்டது. வலது காலில் இன்னும் ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு இருக்கிறது.